எப்படிப் பெயரிட? – சொல்லில்லா இசைத்தட்டு ஒன்றின் வரலாறு

தமிழகத்துச் சிற்றூர்கள் இசைத்தட்டைக் கண்ணால் கண்டதைவிடக் காதால் அறிந்ததே மிகுதி. வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பெயர்பெற்ற அய்யலூரிலும் அதைச் சூழ்ந்த திண்டுக்கல் சமவெளி ஊர்களிலும், மணவீடாயினும் காதணி விழாவாயினும் கருப்பணசாமிக்குக் கிடாவெட்டாயினும், ரேடியோ செட்காரர் வந்து மரத்தின் உச்சியில் குழாயைக் கட்டிய பிறகே விழா தொடங்கியதாகக் கொள்ளப்பட்ட காலம் ஒன்றிருந்தது. தட்டு அவருடைய பெட்டியில் இருந்தது. பாட்டு ஊருக்குப் பொதுவாயிற்று. குழாய் ஒலிபெருக்கி மனிதக் குரலை நெடுந்தொலைவு கொண்டுசெல்லும். அடிநாதத்தையும் நுண்ணொலிகளையும் வழியிலேயே உதிர்த்துவிடும். ஆகவே தட்டில் சொல்லே முதன்மை பெற்றது. திரைப்பட வசனத் தட்டுகள் இங்கே பெற்ற செல்வாக்குக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். கவிஞர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி, கருவியிசைக்கு அவ்வாறன்று.

இத்தகைய நாட்டில், 1986ஆம் ஆண்டில், சொல்லே இல்லாத நெடுந்தட்டு ஒன்றை இளையராஜா வெளியிட்டார். அதன் பெயர் 'ஹவ் டு நேம் இட்'. இதற்கு எப்படிப் பெயரிடுவது என்பது பொருள்.

நெடுந்தட்டு என்ற சாதனத்தின் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற அரக்குத் தட்டில் ஒரு முகத்துக்கு மூன்று நிமிடச் சொச்சமே இடம். மணிக்கணக்கில் இராகம் பாடவல்ல வித்துவான்களும் அந்த எல்லைக்குள் தம் கலையைச் சுருக்கிக்கொண்டனர். 1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம், நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றைச் சற்றே கடந்து சுழலும் 12 அங்குல வினைல் தட்டை அறிமுகம் செய்தது. ஒரு முகத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை பதியலாயிற்று. மேலைநாட்டு இளைஞர்கள் அந்த நீளத்தை ஒரு காவியத்தின் நீளமாகக் கண்டனர். 1969இல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் தட்டும், 1972இல் ஒரே பாடலை ஒரு முகம் முழுவதும் விரித்த யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' தட்டும், 1973இல் இரு முகங்களையும் ஒரே சரடில் கோத்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தட்டும் அந்த வழியில் வந்தவை. இவ்வகையை அங்கே 'புரோகிரசிவ் ராக்' என்றனர். நேரே மொழிபெயர்த்தால் 'முற்போக்கு ராக்' ஆகும். நம் மேடைகளில் அச்சொல்லுக்குள்ள அரசியற் பொருள் அங்கே இல்லை. பாக்கின் பழைய நடன இசையொன்றைப் புல்லாங்குழலில் ஏற்றி 1969இல் ஜெத்ரோ டல் குழு வாசித்ததையும் ஈண்டு நினைவுகூரலாம்.

தமிழ்நாட்டிலோ நெடுந்தட்டு பெரும்பாலும் பாடல்களின் மூட்டையாகவே இருந்தது. ஒரு முகத்தில் ஒரு படம், மறுமுகத்தில் வேறொரு படம்.

இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் அய்யலூரும் 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை ஒரே மதுரை மாவட்டத்தின் ஊர்கள். அண்ணன் பாவலர் வரதராசனுடன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வளர்ந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை கற்றவர். 1976இல் 'அன்னக்கிளி'யால் அறியப்பட்டவர். முற்போக்கு என்ற சொல்லின் இரு பொருளும் அவரிடம் வந்து சேர்ந்தன என்றாலும் பொருந்தும்.

அத்தட்டு இருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது: யோகான் செபாஸ்தியன் பாக், தியாகராசர். பாக் 1750இல் மறைந்தார்; தியாகராசர் 1767இல் பிறந்தார். ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் அவர்களிடையே ஒரு கருவி கடல் கடந்து வந்திருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் வயலின் பயின்று கருநாடக இசைக்கு ஆக்கிய பின், அது நம் கச்சேரி மேடையின் பிரிக்க முடியாத உறுப்பாயிற்று. இத்தட்டின் நடுநாயகமும் அந்த வயலினே, வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன்.

பகுதிகளின் பெயர்களில் குறும்பு உண்டு. 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்பது ஒன்று; 'நாங்கள் உரையாடினோம்' என்பது மற்றொன்று. முன்னதில், பாக் 1720இல் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பிசை இடையறாது ஓட, நம் பாணி வயலின் அதனுடன் இழைகிறது. இதன் அருமையை உணர ஒரு செய்தி போதும். நம் இசையில் சுரம் அசையும். அந்த அசைவே கமகம், அதுவே இராகத்தின் உயிர். மேலை முறையில் பல குரல்கள் ஒரே வேளையில் ஒலிக்கும். அவை இசைய வேண்டுமாயின் ஒவ்வொரு சுரமும் தன் நிலையில் நிற்க வேண்டும். அசைந்தால் முட்டும், நிறுத்தினால் இராகம் உயிரிழக்கும். இளையராஜா இந்த இக்கட்டை மறைக்கவில்லை. நிற்கும் குரல்களைக் கீழே பரப்பி, அசையும் ஒரு குரலை மேலே உலவவிடுகிறார். எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தன என்று சொல்வதற்கில்லை. சில இடங்களில் இரு மரபுகளும் கலவாமல் அருகருகே அமர்ந்திருப்பதோடு சரி. கலந்த இடங்களிலோ எது தஞ்சை, எது லைப்சிக் என்று பிரித்துரைத்தல் அரிது.

1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. அதற்குள் ஒலிநாடா இசைத்தட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரேடியோ செட்காரரின் தட்டுப்பெட்டிகள் பரணுக்கு ஏறின. அமெரிக்காவில் 2022இல் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தகடுகளின் எண்ணிக்கையை 1987க்குப் பின் முதன்முறையாக விஞ்சியது. இன்று பழந்தட்டுத் தேடுவோர் அந்தப் பரண்களையும் விடுவதில்லை. தூசு துடைத்து, முள்ளை மெல்ல இறக்கி, ஒரு முகம் முடிந்ததும் எழுந்து சென்று தட்டைத் திருப்பிவைத்துக் கேட்போர்க்கு, குழாய் உதிர்த்துவிட்ட அடிநாதம் மீண்டும் கிடைக்கிறது.

பாலு மகேந்திரா தம் 'வீடு' படத்துக்கு இத்தட்டின் இசையையே எடுத்து ஆண்டார். ஒரு நடுத்தரக் குடும்பம் செங்கல் செங்கல்லாக வீடு கட்ட முயலும் அக்கதையில் பாடல் ஏதும் இல்லை. வயலின்கள் மட்டும் வந்து போகின்றன. தட்டைக் கண்டறியாத எத்தனையோ தமிழர்கள் அதனைக் கேட்டது அப்படித்தான், பெயர் தெரியாமலே.