அலெக்சாண்டிரியா நூலகத்தை எரிச்சது யாரு?

எகிப்துன்னா எல்லாருக்கும் பிரமிடுதான். கெய்ரோவுக்குப் போனோமா, ஒட்டகத்து மேல உட்கார்ந்து போட்டோ எடுத்தோமான்னு திரும்பிடுவாங்க. அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே, ரயிலில் இரண்டரை மூன்று மணி நேரத்தில், மத்தியதரைக் கடலோரம் அலெக்சாண்டிரியா இருக்கு. சரித்திரத்தில் கொஞ்சம் கிறுக்கு உள்ளவங்க (என்னை மாதிரி!) கட்டாயம் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டிய ஊர்.

ஆனா ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இரண்டு விஷயங்கள். ஒன்று கலங்கரை விளக்கம், இன்னொன்று நூலகம். இரண்டுமே இப்போ இல்லை. கலங்கரை விளக்கத்தைக் கொன்றது பூகம்பம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நூலகத்தைக் கொன்றது யார்? அங்கேதான் தகராறு. சீசர் என்பார் ஒருவர், கிறிஸ்தவர்கள் என்பார் இன்னொருவர், அரபுக்காரர்கள் என்பார் மூன்றாமவர். யாரு சொல்றாங்க என்பதைப் பொறுத்து வில்லன் மாறிக்கிட்டே இருப்பான். ஊரைச் சுத்திப் பார்த்துக்கிட்டே இந்த வழக்கையும் கொஞ்சம் விசாரிக்கலாம், வாங்க.

கி.மு. 331-ல் அலெக்சாண்டர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான். அப்போ இங்கே ரகோடிஸ்னு ஒரு சின்ன ஊர், எதிரே கடலில் ஃபரோஸ்னு ஒரு தீவு. தெருக்களுக்குக் கோடு போட சுண்ணாம்பு பத்தாமல் மாவைத் தூவினார்களாம், பறவைகள் கூட்டமா வந்து அதைத் தின்றுவிட்டதாம். அபசகுனமோன்னு அலெக்சாண்டர் பயந்தப்போ, "இல்லை ராஜா, இந்த ஊர் பல தேசத்துக்காரங்களுக்குச் சோறு போடும்னு அர்த்தம்"னு ஜோசியர்கள் சமாளிச்சாங்களாம். கதைதான். ஆனா ஜோசியம் பலித்துவிட்டது. தீவையும் கரையையும் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம் போட்டார்கள். அதன் இரண்டு பக்கமும் மணல் சேர்ந்து சேர்ந்து, இன்று அது பாலமே இல்லை. வீடும் கடையுமா ஒரு பேட்டையே அதன் மேல் உட்கார்ந்திருக்கு.

அந்தத் தீவின் முனையில்தான் கலங்கரை விளக்கம். கி.மு. 280 வாக்கில் கட்டி முடித்தது. 100 மீட்டருக்கு மேல் உயரம். அடியில் சதுரம், நடுவில் எண்கோணம், மேலே உருளைன்னு மூணு அடுக்கு. உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. ஒவ்வொரு பூகம்பமா வாங்கி வாங்கி, 1303-ல் வந்த பெரிய ஆட்டத்தில் பெரும்பகுதி விழுந்தது. இபின் பதூதா 1326-ல் வந்தப்போ ஒரு பக்கம் இடிந்த நிலையில் பார்த்தார். 1349-ல் திரும்பி வந்தப்போ வாசலுக்கே போக முடியாத அளவுக்கு இடிஞ்சு கிடந்ததாம். 1477-ல் மம்லூக் சுல்தான் காய்த்பே அதே இடத்தில் கோட்டை கட்ட ஆரம்பித்தார். இன்றைக்கு நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அந்தக் கோட்டையைத்தான். சுண்ணாம்புக்கல் சுவருக்கு நடுவே சிவப்பு கிரானைட் துண்டுகள் செருகியிருக்கும். பழைய விளக்கத்தின் கற்கள் என்று சொல்வார்கள். மிச்சம் கடலுக்குள் கிடக்கு. 1994-லிருந்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் முங்கி முங்கி ஆயிரக்கணக்கான கற்களைக் கணக்கெடுத்தார்கள். 2025-ல் கூட 22 பெரிய கற்களை மேலே தூக்கினார்கள்.

இந்த ஊரின் குணமே இதுதான். எதுவும் அதன் இடத்தில் இருக்காது, இருப்பதற்கும் சரியான பெயர் இருக்காது. "கிளியோபாட்ராவின் ஊசி"ன்னு இரண்டு தூண்களைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கிளியோபாட்ராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அவளுக்கு 1400 வருஷம் முன்னால் மூன்றாம் துத்மோஸ் வேறு ஊரில் நட்டது. அவள் செத்த பிறகு ரோமானியர்கள் இங்கே கொண்டு வந்தார்கள். 1878-ல் ஒன்று லண்டனுக்கும், 1880-ல் மற்றது நியூயார்க்குக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "பாம்பேயின் தூண்" இன்னும் இங்கேயே நிற்குது. சுமார் 27 மீட்டர், அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும். பாம்பேயை எகிப்தில் கொன்றது கி.மு. 48-ல், தூண் நட்டதோ கி.பி. 300 வாக்கில், டயோக்ளீஷியன் பேரரசருக்காக. அடியில் கிரேக்கத்தில் எழுதியே வெச்சிருக்கு. ஆனாலும் பெயர் மாறலை!

இந்தத் தூண் நிற்கும் மேடுதான் நம்ம வழக்கில் முதல் சாட்சி. இங்கே செராபிஸ் என்ற தெய்வத்துக்குப் பெரிய கோயில் இருந்தது. பெரிய நூலகத்தின் கிளை ஒன்றும் இங்கே இருந்தது. தாய் நூலகம் அரண்மனைப் பகுதியில், அறிஞர்கள் சாப்பாடும் சம்பளமும் வாங்கிக்கொண்டு தங்கிய மூஸியானை ஒட்டி. அந்தப் பகுதியில் பாதி கடலுக்குள் போய்விட்டது, பாதி இன்றைய கட்டடங்களுக்கு அடியில். நூலகம் இருந்த இடம் இதுதான்னு யாராலும் விரல் வெச்சுக் காட்ட முடியலை.

புத்தகம் சேர்த்த விதம் ரொம்ப சுவாரசியம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதனை போடுவார்கள். கடத்தல் சரக்குக்காக இல்லைங்க, புத்தகத்துக்காக! இருந்தால் பிடுங்கிப் படி எடுத்து, மூலத்தை நூலகத்தில் வைத்துக்கொண்டு, படியைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். ஏதென்ஸிலிருந்து நாடகச் சுவடிகளை 15 தாலந்து வெள்ளி முன்பணம் கட்டி வாங்கிவந்து, பணம் போனால் போகுதுன்னு மூலத்தை அமுக்கிக்கொண்ட கதையும் உண்டு. எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டது இங்கேதான்.

சரி, குற்றவாளிகளை ஒவ்வொருத்தரா கூப்பிடுவோம்.

முதலில் சீசர். கி.மு. 48-ல் துறைமுகத்தில் கப்பல்களுக்குத் தீ வைத்தார், தீ கரைக்கும் பரவியது. சுமார் நூறு வருஷம் கழித்து எழுதிய செனெகா 40,000 சுருள்கள் எரிந்தன என்கிறார். இன்னும் நூறு வருஷம் கழித்து எழுதிய ஜெல்லியஸ் அதை ஏறக்குறைய 7,00,000 ஆக்கிவிட்டார்! வருஷம் ஆக ஆக தீயும் பெருசாகுது பாருங்க. சேதம் உண்மைதான். ஆனால் அதற்குச் சுமார் இருபது வருஷம் பிறகு இங்கே தங்கியிருந்த ஸ்ட்ராபோ, மூஸியானில் அறிஞர்கள் பந்தியில் சேர்ந்து சாப்பிடுவதை எழுதுகிறார். கிளாடியஸ் பேரரசர் அங்கே புதுக் கட்டடமே சேர்த்தார். செத்துப்போன இடத்துக்கு யாரும் மாடி கட்ட மாட்டாங்க இல்லையா?

இரண்டாவது, கிறிஸ்தவர்கள். கி.பி. 391-ல் பிஷப் தியோஃபிலஸ் காலத்தில் செராபிஸ் கோயிலை இடித்தார்கள், அது நிஜம். 415-ல் கணித மேதை ஹைபேஷியாவை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அதுவும் நிஜம், மன்னிக்க முடியாதது. ஆனால் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாடியே, 272 வாக்கில் ஆரேலியன் படையெடுப்பில் அரண்மனைப் பகுதி தரைமட்டமாகிவிட்டது. தாய் நூலகத்தில் அப்போ எது மிச்சமிருந்தாலும் அதோடு போயிருக்கும்.

மூன்றாவது, அரபுக்காரர்கள். 642-ல் நகரத்தைப் பிடித்து, கலீஃபா உத்தரவுப்படி ஆறு மாசம் பொதுக் குளியலறைகளில் புத்தகத்தை எரித்து வெந்நீர் போட்டார்கள் என்பது கதை. கேட்கக் கிளுகிளுப்பா இருக்கும். ஆனால் இந்தக் கதை எழுத்தில் வருவதே ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான். நடந்த காலத்தை ஒட்டி எழுதியவர்கள் யாரும் இதைப் பற்றி மூச்சு விடலை. இன்னிக்கும் இதைச் சொல்லிச் சண்டை போடறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும்.

அப்போ நிஜக் குற்றவாளி யாரு? என் சந்தேகம், முதல் அடி விழுந்தது சீசருக்கும் நூறு வருஷம் முன்னால். கி.மு. 145-ல் எட்டாம் தாலமி பதவிக்கு வந்ததும், தன்னை எதிர்த்தவர்கள் பக்கம் நின்ற அறிஞர்களை ஊரை விட்டே விரட்டினான். தலைமை நூலகர் அரிஸ்டார்க்கஸ் சைப்ரஸ் தீவுக்கு ஓடி அங்கேயே செத்தார். அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் பெயர் கைடாஸ், ஈட்டிப்படையைச் சேர்ந்தவர்! ஒரு பழைய பாப்பிரஸ் துண்டில் இருக்கும் நூலகர் பட்டியல் இதைச் சொல்கிறது. எரடோஸ்தனிஸ் உட்கார்ந்த இடத்தில் ஈட்டிக்காரர். அப்புறம் நூலகம் எப்படி உருப்படும்?

பாப்பிரஸ் தானே அழியும் சரக்கு. இந்த ஊர் கடற்காற்றின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். சில தலைமுறைக்கு ஒருமுறை உட்கார்ந்து படி எடுக்கணும். அதுக்கு ஆள் வேணும், சம்பளம் வேணும், மன்னனுக்கு அக்கறை வேணும். மூன்றும் குறைந்தால் தீயே தேவையில்லை. அலெக்சாண்டிரியா மண்ணில் பாப்பிரஸ் கிடைப்பது அபூர்வம். நமக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் எகிப்தின் வறண்ட உள்நாட்டு மணலிலிருந்து. நம்ம முசிறித் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிய 'ஹெர்மபொல்லான்' கப்பல் கணக்கு அப்படித் தப்பித்த ஒன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. யானைத் தந்தம், கங்கைக்கரை வாசனைச் சரக்கு எல்லாம் செங்கடல் வழியா வந்து, ஒட்டகத்தில் ஏறி, நைல் நதியில் இறங்கி, அலெக்சாண்டிரியா கிடங்கில் கால்பங்கு வரி கட்டின விவரம் அதில் இருக்கு. இப்போ வியன்னாவில் இருக்கும் அந்தச் சுருள் இந்த ஊரிலேயே கிடந்திருந்தால் மக்கிப் போயிருக்கும்.

படிப்பு அடியோடு செத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. கோம் எல்-திக்கா என்ற மேட்டில் 1960-லிருந்து போலந்து ஆய்வாளர்கள் தோண்டினார்கள். பளிங்குப் படி வைத்த அரைவட்ட அரங்கத்தைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். பக்கத்திலேயே வரிசையா சின்னச் சின்னக் கல் அறைகள் இருக்கு; சுவரோரம் மாணவர்கள் உட்காரும் படிகள், நடுவே வாத்தியார் ஆசனம். 20-க்கும் மேல் இருக்கு, ஆறாம் நூற்றாண்டு வாக்கில் பாடம் நடந்த வகுப்பறைகள். ஹைபேஷியா கொலைக்கு நூறு வருஷம் கழிச்சும் இந்த ஊரில் பாடம் நடந்திருக்கு! அந்தப் படியில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிரமிடு தராத ஒரு சந்தோஷம் அதில் கிடைத்தது.

நேரமிருந்தால் கோம் எல்-ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறைகளையும் பாருங்க. 1900-ல் ஒரு கழுதை குழியில் விழுந்ததால் தெரியவந்த இடம். எகிப்தின் நரிமுகச் சாமி அனுபிஸ் அங்கே ரோமானிய சிப்பாய் உடுப்பில் நிற்பார்! 2005-ல் மூடிய கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகமும் 2023-ல் மறுபடி திறந்துவிட்டது.

கடைசியா, 2002-ல் கடலோரம் திறந்த புது நூலகம். சாய்ந்த வட்டத் தட்டு மாதிரி கூரை, வெளிச்சுவர் கிரானைட்டில் உலகத்து எழுத்துகள். 2011 ஜனவரியில் எகிப்தில் புரட்சி வெடித்தப்போ போலீஸ் தெருவில் இல்லை, ஊரெல்லாம் தீ, கொள்ளை. அப்போ இந்த ஊர்ப் பையன்களும் பெண்களும் கை கோத்து நூலகத்தைச் சுற்றி நின்றார்கள். ஒரு கண்ணாடிகூட உடையலை.

பழைய நூலகத்தை யார் எரிச்சாங்கன்னு ரெண்டாயிரம் வருஷமா கேக்கறோம். அதைச் சுத்தி நிக்க அன்னிக்கு ஆள் ஏன் இல்லைன்னு கேட்டிருந்தா, பதில் சீக்கிரம் கிடைச்சிருக்கும்னு தோணுது.