காத்திருப்பின் விலை: மலையகத்தில் உளவியல் இளமாணிப் பட்டம்

உளவியல் பட்டம் இலாபமா நட்டமா என்று பார்ப்பவர்கள் வழமையாகக் கல்விக்கடனையும் சம்பளத்தையும் எதிரெதிரே வைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பட்டம் பெறும் அமெரிக்காவுக்கு அந்தக் கணக்குப் பொருந்தலாம். இலங்கை மலையகத்தின் அட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பொருந்தாது. இங்கு பட்டத்தின் பெருஞ்செலவு, படிக்கும்போதும் படித்து முடித்துக் காத்திருக்கும்போதும் வீட்டுக்கு வராமற்போகும் சம்பளம்தான் என்பது என் வாதம்.

கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியின் பயனாகப் பேராதனையில் உளவியல் படிக்கும் மாணவி கற்கைக் கட்டணம் செலுத்துவதில்லை. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் நுவரெலியாவும் அடங்கும். (ஒதுக்கீடு மாவட்டத்துக்குத்தான், தோட்டத்துக்கு அல்ல, நகரப் பாடசாலையும் தோட்டப் பாடசாலையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு மோதுகின்றன.) ஆனால் அவளோடு உயர்தரம் எழுதிய தோழி கொழும்பில் கடைவேலைக்குப் போனால், 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து அவ்வாண்டில் இருந்த தேசிய குறைந்தபட்சச் சம்பளமான 27,000 ரூபா வீதம் நான்கு ஆண்டுகளில் 12,96,000 ரூபா உழைப்பாள். மாணவிக்கு மகாபொல புலமைப்பரிசில் 2025இன் அளவான 7,500 ரூபா 48 மாதமும் தவறாமல் வந்தாலும் 3,60,000தான். தங்குமிடமும் சாப்பாடும் இருவருக்கும் ஒரே செலவு என்று கொண்டால், இலவசப் பட்டத்தின் விலை 9,36,000 ரூபா.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டம் வந்தது. தொடக்கத்தில் பாடநெறிக் கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபா வரை கொடுத்தார்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலியில் அது 593 முழுப் பேர், அதாவது 593 முழு நாள் வேலை. மாதம் 25 பேர் விழுந்தாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. எல்லாத் தோட்டத்திலும் 25 நாள் வேலை கிடைப்பதுமில்லை.

இக்கடனைக் கண்டு தோட்டக் குடும்பங்கள் தயங்குவதை அறியாமை என்று எழுதுவோர் உண்டு. நான் உடன்படவில்லை. கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் கணக்கில் ஏறி, அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. இன்றும் தீபாவளி முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. வருமானம் எப்போது தொடங்கும் என்று தெரியாத கடனை வாங்க மறுப்பது, கடனோடு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களின் நிதானம்.

அந்த 'எப்போது' உளவியலில் மற்றத் துறைகளைவிடக் கடினமான கேள்வி. இளமாணிப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற முடியாது. அதற்குக் கொழும்பு மருத்துவ பீடம் நடத்தும் முதுதத்துவமாணி போன்ற பட்டப்பின் பயிற்சி வேண்டும். அதுவரை கிடைப்பவை ஆசிரியப் பணி, அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி, செயற்றிட்டம் முடிந்ததும் முடிந்துபோகும் தொண்டு நிறுவன வேலை. 2020இல் பட்டதாரிப் பயிலுநர்களைத் திரளாகச் சேர்த்தபோது கொடுப்பனவு மாதம் 20,000 ரூபா. என்ன பாடம் படித்தவர் என்பது அங்கே பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை.

உளவளத்துணைக்குத் தேவை இல்லாமலில்லை. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. பூச்சிகொல்லித் தடைகளால் பிறகு வெகுவாகக் குறைந்தது. நஞ்சு கைக்கு எட்டாமற்போனதே தவிர, குடியும் கடனும் லயத்து நெருக்கடியும் அங்கேயே இருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்து அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். இங்குள்ள தோட்ட மக்களின் பேச்சுத் தமிழில் காதுகொடுத்துக் கேட்கக்கூடிய பட்டதாரி ஒரு லயத்திலிருந்தே வரலாம். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் பதவிதான் பட்டத்தோடு சேர்ந்து வருவதில்லை.

அரச பதவி கிடைத்தால் கணக்கு இப்படி: 2025 வரவு செலவுத் திட்டம் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தைக் கட்டங்கட்டமாக 40,000 ரூபாவுக்கு உயர்த்தியது. பட்டதாரிக்கு இதைவிடக் கூடும். கணக்கு மிகைபடாதிருக்க அடித்தட்டையே எடுக்கிறேன். தோழியின் 27,000ஐவிட மாதம் 13,000 கூடுதல். படிப்பு முடிந்த மறுமாதமே நியமனம் வந்தால் 9,36,000 ரூபாவை ஈடுசெய்ய 6 ஆண்டு. 2 ஆண்டு சும்மா காத்திருந்தால் படிப்பு முடிந்ததிலிருந்து 12 ஆண்டுக்குச் சற்று மேல். அந்த இடைவெளியில் அவளும் கடைவேலைக்குப் போனால் 8. வட்டியில்லாக் கடனில் படித்தவருக்கோ, ஒரு நாள்கூடக் காத்திராவிட்டாலும் 13 ஆண்டு தாண்டுகிறது.

கொட்டகலைக்கு அருகே பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியைத் தேர்பவர்களை உயர இலக்கில்லாதவர்கள் என்று சொல்லும் வழக்கம் இந்த எண்களின் முன் நிற்காது. அங்கே விடுதியும் கொடுப்பனவும் உண்டு. பயிற்சி ஆசிரிய நியமனத்தை நோக்கியே அமைந்தது. உளவியல் பட்டம் மலையகத்தில் போட்டியிடுவது இந்த நிச்சயத்தோடுதான், மருத்துவத்தோடோ பொறியியலோடோ அல்ல.

ஆகவே உதவித்தொகையைக் கூட்டுவதைவிட, மலையகப் பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் தமிழ்மொழி உளவளத்துணைப் பதவிகளுக்கு ஆளணி ஒதுக்கி, பட்டமளிப்போடு நியமனத்தை இணைப்பதே பயன் தரும். 2025இல் மகாபொல 5,000இலிருந்து 7,500 ஆனது. நான்கு ஆண்டுக்கு அதனால் கூடும் தொகை 1,20,000 ரூபா. 40,000 ரூபாச் சம்பளத்தில் நியமனம் 3 மாதம் முந்தினாலே அந்தத் தொகை வீட்டுக்கு வந்துவிடும்.