பம்பரைத் துளைத்த காற்று

காரின் வேகத்தைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் பிரேக்கின் பிடி தளரும். பிரேக் திரவம் கொதித்தால் மிதித்தும் பயனில்லை. பம்பரை வெட்டிக் காற்றுக்குழாய் பொருத்தும் வழக்கத்தின் வேர் இதுதான்.

1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றது. மூடிய டிரம் பிரேக்கைவிடத் திறந்த வட்டு (டிஸ்க்) விரைவில் ஆறியது. பின்னாளில் பந்தயக் கார்களின் வட்டுகளுக்குக் குழாய்வழியே காற்றைச் செலுத்துவது வழக்கமாயிற்று.

சாலைக் கார்களில் அன்று இருந்த குரோம் பூசிய எஃகு பம்பர் எளிதில் வெட்டுக்கு இணங்கவில்லை. 1972இல் வந்த ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பர் அணிந்தது. அமெரிக்கா 1973 மாடல் கார்களின் முன்பம்பர் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டுமென விதித்தது. காலப்போக்கில் வெளியே மெல்லிய பிளாஸ்டிக் உறை, உள்ளே வலுவான குறுக்குச்சட்டம் என்ற அமைப்பு பரவியது.

உறையை வெட்டுவது எளிதானதும் பட்டறைகள் துணிந்தன. வெட்டும் இடத்தில் காகித டேப் ஒட்டி, வட்டம் வரைந்து, நடுவே சிறு துளையிட்டு, வட்டவாளால் அறுப்பார்கள். அங்கிருந்து வெப்பம் தாங்கும் நெளிகுழாய் வட்டின் மையம்வரை செல்லும். வட்டின் உட்பள்ளங்கள் காற்றை வெளிநோக்கி வீசும்.

உறையை வெட்டலாம், உயிர்காக்கும் குறுக்குச்சட்டத்தை ஒருபோதும் வெட்டக் கூடாது.