பாடப்பகுதிகளும் பதிப்புரிமையும்: ஜார்ஜியா வழக்கின் வரலாறு

நூலொன்றின் ஓர் அதிகாரத்தை மாணாக்கர் படிக்கும்படி கணினியில் ஏற்றிவைப்பது இன்று ஆசிரியர்க்கு எளிய செயலாகிவிட்டது. ஆயினும், அதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும், எந்த அளவுக்கு அனுமதியின்றி எடுத்தாளலாம் என்னும் வினாக்கள் அத்துணை எளியவை அல்ல. அமெரிக்க நாட்டில் இவ்வினாக்களையொட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் நடைபெற்ற ஒரு வழக்கின் வரலாற்றை ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

பதிப்புரிமைச் சட்டத்தின் தொடக்கமே கல்வியோடு தொடர்புடையது. 1710இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் ஆன் அரசியார் சட்டம், கல்வியை ஊக்குவிப்பதே தன் நோக்கம் எனக் கூறிக்கொண்டது. நூலாசிரியர்க்குப் பதினான்கு ஆண்டுக்கால உரிமையை அளித்து, அவர் உயிரோடிருப்பின் மேலும் பதினான்கு ஆண்டுகள் நீட்டித்தது. உரிமைக்கு எல்லை வகுத்தமையால், எழுதுவோர் ஊதியம் பெறவும் படிப்போர் பின்னர்த் தடையின்றிப் பயன்கொள்ளவும் வழி பிறந்தது. இவ்விரு நோக்கங்களுக்கும் இடையேயான இழுபறியே பின்வந்த வழக்குகளின் உட்பொருளாகும்.

அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் "நியாயமான பயன்பாடு" என்னும் கோட்பாட்டை எழுத்துவடிவில் ஏற்றது. பயன்பாட்டின் நோக்கம், நூலின் தன்மை, எடுக்கப்பட்ட அளவு, நூலின் விற்பனைக்கு நேரும் இழப்பு என்னும் நான்கையும் சீர்தூக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் எத்தனை பக்கம் என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை.

1980களில் பல நூல்களின் பகுதிகளை நகலெடுத்துக் கட்டிய பாடத்தொகுப்புகளை நகலகங்கள் மாணாக்கர்க்கு விற்றுவந்தன. 1991இல் கிங்கோஸ் என்னும் நகல் நிறுவனத்துக்கு எதிராகவும், 1996இல் மிச்சிகன் டாக்குமெண்ட் சர்வீசஸ் என்னும் நகலகத்துக்கு எதிராகவும் தீர்ப்புகள் வந்தன. ஈட்டத்திற்காக நகலெடுப்போர் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது இவற்றால் உறுதியாயிற்று. அக்கட்டணமும் தொகுப்பின் விலையில் சேர்ந்து மாணாக்கர் தலைமேலேயே விழுந்தது.

பின்னர்க் கணினியும் இணையமும் பரவின. 2002இல் இயற்றப்பட்ட டீச் சட்டம் தொலைவழிக் கல்விக்குச் சில சலுகைகளை வழங்கிற்று. அங்கீகாரம் பெற்ற, இலாப நோக்கமற்ற நிறுவனங்கள், பதிவுசெய்த மாணாக்கர்க்கு மட்டும், வகுப்பறையில் காட்டும் அளவை ஒத்த பகுதிகளை அனுப்பலாம். ஆனால் மாணாக்கர் வாங்கிப் படிக்க வேண்டிய பாடநூல்களுக்கு இச்சலுகை பொருந்தாது. ஆகவே வாசிப்புப் பகுதிகளைக் கணினியில் ஏற்றுவோர் மீண்டும் நியாயமான பயன்பாட்டையே சார்ந்து நிற்கலாயினர்.

அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நூலகத்தின் கணினிவழிப் பகுதியில் ஆசிரியர்கள் நூற்பகுதிகளை ஏற்றிவைத்தனர். மாணாக்கர் கட்டணமின்றிப் படித்தனர். தாளில் அச்சிட்டபோது கட்டணம் பெற்ற அதே பகுதி, கணினிக்கு மாறியதும் கட்டணமின்றிச் செல்வதா என்பதே பதிப்பாளரின் முறையீடு. 2008 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக அச்சகங்களும் சேஜ் பதிப்பகமும் வழக்குத் தொடுத்தன. பல்கலைக்கழகங்களின் அச்சகங்களே ஒரு பல்கலைக்கழகத்தை எதிர்த்து நின்றமை கவனிக்கத்தக்கது. எடுத்தாளப்பட்ட நூல்களை எழுதியோரிற் பலரும் பல்கலைக்கழக ஆசிரியர்களே.

2012இல் மாவட்ட நீதிபதி ஒரிண்டா எவன்ஸ், ஆராயப்பட்ட எழுபத்து நான்கு பகுதிகளுள் ஐந்தில் மட்டுமே உரிமை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தார். பத்துக்கும் குறைந்த அதிகாரங்களுடைய நூலில் பத்து விழுக்காடு, ஏனையவற்றில் ஓர் அதிகாரம் என்னும் அளவையும் வகுத்தார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்வளவுகோலை நிராகரித்தது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றது. 2016இல் நாற்பத்தெட்டுப் பகுதிகளுள் நான்கு மீறல்கள் எனத் தீர்ப்பு வந்தது. 2018இல் அதுவும் தள்ளப்பட்டது. நான்கு காரணிகளுக்கும் எண்மதிப்பிட்டுக் கணக்கிடலாகாது என்பது காரணம். 2020இல் நாற்பத்தெட்டில் பத்து மீறல்கள் என்று முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின்னும் ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க எளிய அளவுகோல் எதுவும் கிட்டவில்லை.

நம் நாட்டில் வேறொரு தீர்வு ஏற்பட்டது. 2012இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி நகலகத்தின் மீதும் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகியவை வழக்குத் தொடுத்தன. அமர்த்தியா சென் உள்ளிட்ட அறிஞர்கள் வழக்கைக் கைவிடுமாறு வேண்டினர். கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணாக்கரோ நகலெடுப்பது உரிமை மீறலன்று என்னும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவைத் தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் விரிவாகப் பொருள்கொண்டது. கற்பித்தல் என்பது வகுப்பறை நேரத்தை மட்டுமன்றிக் கல்வியாண்டு முழுவதையும் குறிக்கும் என்றது. நோக்கத்திற்குத் தேவையான அளவே அளவு என்றது. 2017இல் பதிப்பாளர் வழக்கைத் திரும்பப் பெற்றனர். எனினும் அவ்வழக்கு தாள்நகலைப் பற்றியது. இணையவழிப் பாடத்தைப் பற்றியதன்று என்பதை மறத்தலாகாது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஒருபுறம் நூலாசிரியரின் உழைப்பு. மறுபுறம் நூல் வாங்க இயலாத மாணாக்கரின் தேவை. இரண்டும் நியாயமானவை. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், கற்பித்தலுக்குத் தேவையான அளவை எடுத்தலும், பதிவுசெய்த மாணாக்கர்க்கு மட்டும் வழங்குதலும், பாடம் முடிந்ததும் நீக்குதலும் நலம். முழு நூலோ பெரும்பகுதியோ தேவைப்படின், கல்வியாண்டு தொடங்குமுன்னரே நூற்பெயர், பக்கம், மாணாக்கர் தொகை, காலம் ஆகியவற்றைக் குறித்து எழுத்தில் அனுமதி கோரி, மறுமொழியைப் பேணிவைத்தல் வேண்டும். இந்தியாவில் நூலாசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கடந்தபின் அவர் நூலுக்கு அனுமதி தேவையில்லை. நாமே எழுதும் பாடங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடுவதும் நம் கையில் உள்ளது. அவ்வாறு செய்வோமாயின், பின்வரும் ஆசிரியர்க்கு இவ்வழக்குகளின் சுமை ஒரு சிறிதேனும் குறையும்.