இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே ஒரு பெண்

கருப்பைவாய்ப் புற்றைத் தேடும் வழிகளில் நாம் அதிகம் கேள்விப்பட்டது பாப் ஸ்மியர். கருப்பைவாயின் மேற்பரப்பில் வழித்தெடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஜார்ஜ் பாபனிகோலா இதை உருவாக்கிய காலத்தில், ஆண்டுக்கணக்கில் தன் உடலிலிருந்து செல்களைத் தந்தவர் அவர் மனைவி ஆந்த்ரோமாகி.

ஸ்மியர் சந்தேகத்தை மட்டுமே சொல்லும். மாற்றம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைச் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் உறுதிசெய்யும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு பெண் எத்தனை முறை பேருந்து ஏற வேண்டும்? எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும்? வீட்டில் யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும்?

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வு இந்தத் தூரத்தைக் குறைக்கப் பார்த்தது. அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை அதில் இணைந்திருந்தன. ஸ்மியருக்குப் பதிலாக, பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெண்திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தால் அன்றைக்கே பயாப்சி எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு அதன் முடிவுக்குக் காத்திராமல் உறைகுளிர் சிகிச்சையும் தர முன்வந்தார்கள். நோயில்லாத சிலருக்கும் சிகிச்சை நடந்துவிடலாம் என்பது இதன் விலை. வீட்டுக்குப் போனவர் திரும்பி வராமல் போகமாட்டார் என்பது இதன் பயன்.

30 முதல் 59 வயது வரையான 31,343 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2,539 பேருக்கு பயாப்சி எடுக்கப்பட்டது. பரிசோதனை தரப்பட்ட பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

அந்த ஒப்பீட்டுக்கு மறுபக்கம் ஒன்று தேவைப்பட்டது. பரிசோதனை தரப்படாத பகுதிகளின் 30,958 பெண்களில் 92 பேர் இந்நோயால் இறந்தார்கள். மாவட்டத்தில் ஸ்மியர் திட்டமே இல்லாததால் வழக்கமான கவனிப்பு அவர்களுக்குக் கிடைத்தது என்பது ஆய்வாளர்கள் வாதம். பரிசோதனை உயிர்காக்கும் என்று முன்பே தெரிந்திருக்க, ஏன் அவர்களை விட்டுவைத்தீர்கள் என்பது பின்னால் எழுந்த கேள்வி. நானும் அதைக் கேட்கிறேன்.

இன்னொரு எண்ணும் மனதை விட்டுப் போகவில்லை. புற்றுக்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காட்டினரே. நோய் தெரிந்தும், சிகிச்சை வாசல்வரை வந்தும், மற்றவர்களுக்கு அது சேரவில்லை. அவர்களைத் தடுத்தது எது என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. அதை அந்தப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.