ஓர் ஆசிரியரும் எழுபத்து மூன்றும்

நான் அபிஷேகப்பாக்கத்தில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். எங்கள் ஊரிலிருந்து கடலூர் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் சிதம்பரத்தை அடையலாம். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை விரிவுரையாளராக விளங்கியவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. இராமானுஜனை அறிந்த நம் மாணவருள் பலர் இக்கணித அறிஞரை அறியார்.

பிள்ளை 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். மறு ஆண்டே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் மறைந்தார். படிப்பு அத்துடன் நின்றிருக்கும். சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து பொருளுதவி செய்து அவரை மேலே படிக்கச் செய்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்ற பிள்ளை, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவரை ஆட்கொண்ட வினா, 1770இல் வாரிங் என்னும் ஆங்கிலேயர் எழுப்பியது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமல் கூட்டி எழுதலாம். கனங்களாயின் ஒன்பது போதும். 23ஐப் பாருங்கள்: இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் சேர்ந்து ஒன்பது. இனி, ஓர் எண்ணை ஆறுமுறை எழுதிப் பெருக்கும் ஆறாம் அடுக்குக்கு எத்தனை வேண்டும்? இரண்டின் ஆறாம் அடுக்கு 64. மூன்றின் ஆறாம் அடுக்கு 729. ஆகவே 703ஐ எழுதப் பத்து அறுபத்து நான்கும், அறுபத்து மூன்று ஒன்றும் தேவை. மொத்தம் 73.

எந்த எண்ணுக்கும் அதற்குமேல் வேண்டியதில்லை என்று ஐயமற நிறுவுவதே அரிது. மிகப் பெரிய எண்களை ஆராய ரஷ்யக் கணித மேதை வினோகிராதோவ் புதுவழி வகுத்திருந்தார். அத்தகைய முறைகளைக் கைக்கொண்டு, பிள்ளை 1930களில் உயர்ந்த அடுக்குகள் பலவற்றை ஆராய்ந்தார். அமெரிக்க அறிஞர் டிக்ஸனும் அதே காலத்தில் தனியே அத்துறையில் உழைத்தார். ஆறாம் அடுக்குக்கு விடை 73 என்பதை 1940இல் நிறுவியவர் பிள்ளையே.

1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வு நிலையம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. ஆகஸ்டு 31ஆம் நாள், செல்லும் வழியில் எகிப்தில் விமானம் வீழ்ந்து அவர் உயிர் நீத்தார். அகவை நாற்பத்தொன்பது.

நேயர்களே, என் குறையொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய பள்ளியில், கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் விடை சொல்லும் மாணவன் ஒருவன் இருந்தான். தந்தை இறந்ததும் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு வேலைக்குச் சென்றான். அவன் சான்றிதழில் கையொப்பமிட்டேன். வீடு தேடிச் சென்று விசாரித்தேனில்லை. சாஸ்திரியாரைப் பற்றிப் படித்த அன்றுதான் அக்கையொப்பத்தின் கனம் எனக்கு விளங்கிற்று.

பிள்ளையின் தேற்றத்தில் சாஸ்திரியார் பெயர் இல்லை. எனினும் அவரின்றி அத்தேற்றம் இல்லை. ஆசிரியப் பெருமக்களே, படிப்பை நிறுத்தச் சான்றிதழ் கேட்டு ஒரு மாணவன் வந்து நின்றால், பேனாவைத் திறக்குமுன் அவன் வீட்டு நிலையைக் கேளுங்கள்.