இரண்டு வருஷத்துக்கு மேல் இல்லை! - 304(ஏ) பிரிவின் கதை

பேப்பரில் விபத்துச் செய்தி படிக்கும்போது கடைசி வரியில் ஒரு நம்பர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். "304(ஏ) பிரிவின் கீழ் போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்" என்று முடித்திருப்பார்கள். ரோட்டைக் கடந்த பாட்டி, சைக்கிளில் டியூஷனுக்குப் போன பையன், பிளாட்பாரத்தில் படுத்திருந்த கூலித் தொழிலாளி... வண்டி மோதி இறந்தவர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் இதே நம்பர்தான். 2024-ல்தான் இது மாறியது. அதுவரை 154 வருஷம் இந்தியாவின் ரோடுகளை ஆண்டது இந்த ஒரு பிரிவு. அது எப்படி வந்தது, ஏன் இத்தனை காலம் அப்படியே இருந்தது என்று பார்ப்போம்.

குதிரை வண்டிக் காலத்துச் சட்டம்

இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை 1837-ல் தயாரித்துக் கொடுத்தவர் மெக்காலே. நம் ஆங்கிலப் படிப்புக்குக் காரணம் என்று பள்ளியில் படித்தோமே, அதே மெக்காலேதான். கவனக்குறைவால் ஒருவர் சாவுக்குக் காரணமானால் என்ன தண்டனை என்று அவருடைய வரைவில் ஒரு பிரிவு இருந்தது. ஆனால் 1860-ல் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பிரிவு இல்லை! பொது வழியில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டினால் 279-வது பிரிவின்படி 6 மாதம் சிறை அல்லது 1000 ரூபாய் அபராதம் உண்டு. காயப்படுத்தினால் தண்டிக்க 337, 338 பிரிவுகள் உண்டு. கொலை நோக்கம் இல்லாமல், வெறும் கவனக்குறைவால் உயிரே போனால்? அதற்கென்று தனிப் பிரிவு கிடையாது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1870-ல் ஒரு திருத்தச் சட்டம் கொண்டு வந்தார்கள். 304-க்கும் 305-க்கும் நடுவே புதிதாக ஒன்றைச் செருகியதால் அதற்கு 304(ஏ) என்று பெயர். அதிகபட்சம் 2 வருஷம் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அந்த வருஷத்தை மறுபடி பாருங்கள், 1870! பெட்ரோல் கார் என்ற ஒன்றே அப்போது உலகத்தில் ஓடவில்லை. இந்தியாவுக்குக் கார் வந்ததே 1890-களின் கடைசியில்தான். வீதியில் ஓடியவை குதிரை வண்டியும் மாட்டு வண்டியும். மேலும் இது ரோட்டுக்கென்று எழுதிய பிரிவும் இல்லை. சுவர் இடிந்தாலும், தவறான மருந்து கொடுத்தாலும், கவனக்குறைவால் உயிர் போனால் எல்லாவற்றுக்கும் இதே பிரிவுதான்.

வண்டி மாறியது, தண்டனை மாறவில்லை

அதற்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டங்கள் 1914, 1939, 1988 என்று வரிசையாக வந்தன. லைசென்ஸ் வந்தது, இன்சூரன்ஸ் கட்டாயமானது, குடித்துவிட்டு ஓட்டினால் தனித் தண்டனை வந்தது. ஆனால் ஓர் ஆளை ஏற்றிக் கொன்றால் என்ன என்ற கேள்விக்கு மட்டும் பதில் அதே 2 வருஷம்தான். அதுவும் அதிகபட்சம். குறைந்தபட்சம் இவ்வளவு என்று எதுவும் இல்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் வேறு. அபராதத்தோடு விட்டுவிடவும் சட்டத்தில் இடம் இருந்தது.

1958-ல் நன்னடத்தைச் சட்டம் வந்த பிறகு, எங்களையும் நன்னடத்தையில் விடுங்கள் என்று டிரைவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பஸ் டிரைவரின் வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. நீதிபதி கே.டி.தாமஸ் எழுதிய தீர்ப்பு அது. வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு, ஒரு நொடி அசந்தாலும் தண்டனை நிச்சயம் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இரண்டு நகரங்கள், இரண்டு வழக்குகள்

304(ஏ) போதவில்லை என்று தெரிந்தபோது நீதிமன்றங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டின. அதுதான் 304-வது பிரிவின் இரண்டாம் பகுதி. தன் செயலால் உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே ஒருவர் அதைச் செய்தால் 10 வருஷம் வரை தண்டனை தரலாம்.

1999 ஜனவரியில் டெல்லி லோதி காலனியில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் மோதி மூன்று போலீஸ்காரர்கள் உட்பட 6 பேர் இறந்தார்கள். 2008-ல் விசாரணை நீதிமன்றம் இந்த இரண்டாம் பகுதியின் கீழ் 5 வருஷம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை 304(ஏ) ஆக மாற்றி 2 வருஷமாகக் குறைத்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம், "இல்லை, இரண்டாம் பகுதிதான் சரி" என்றது. ஆனால் சிறையில் ஏற்கெனவே கழித்த காலமே போதும் என்று சொல்லி, 50 லட்சம் ரூபாய் கட்டவும் 2 வருஷம் சமூக சேவை செய்யவும் உத்தரவிட்டது.

2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில் பிளாட்பாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறி 7 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். டிரைவர் குடித்திருந்தார். விசாரணை நீதிமன்றம் 304(ஏ) என்று வைத்துக் கொடுத்த தண்டனை 6 மாதமும் 5 லட்சம் அபராதமும். உயர் நீதிமன்றம் இரண்டாம் பகுதிக்கு மாற்றி 3 வருஷம் ஆக்கியது. 2012-ல் அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், 7 உயிருக்கு இந்த 3 வருஷமே மிகக் குறைவு என்று சொன்னது. ஆனால் தண்டனையைக் கூட்டச் சொல்லி மாநில அரசு மேல்முறையீடு செய்யாததால் அதற்கு மேல் போகவில்லை.

ஒரே மாதிரிக் குற்றத்துக்கு ஒரு நீதிமன்றத்தில் 6 மாதம், இன்னொன்றில் 5 வருஷம்! நீதிபதிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2 வருஷத்துக்கும் 10 வருஷத்துக்கும் நடுவில் சட்டம் எதையும் எழுதி வைக்கவில்லை.

மோதிவிட்டு ஓடினால்?

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது? 1988 சட்டம் இதற்கென்று அரசு தரும் ஒரு தொகையை எழுதி வைத்தது. உயிருக்கு 8,500 ரூபாய், கொடுங்காயத்துக்கு 2,000. 1994-ல் 25,000, 12,500 என்று உயர்த்தினார்கள். அதன்பின் 28 வருஷம் அசையவில்லை. விலைவாசி எங்கேயோ போன பிறகு, 2022 ஏப்ரலில்தான் 2 லட்சமும் 50 ஆயிரமும் ஆனது.

கடைசியில் மாறியது

தண்டனையை 10 வருஷமாக்கலாம் என்று சட்ட ஆணையம் 2009-ல் தன் 234-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2015-ல் ஒரு பஞ்சாப் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2 பேர் இறந்த அந்த விபத்தில், ஏற்கெனவே உள்ளே இருந்த 24 நாளே போதும் என்று உயர் நீதிமன்றம் விட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 6 மாதமாக்கி, 304(ஏ)-வின் தண்டனையை மறுபடி யோசியுங்கள் என்று சட்டம் இயற்றுபவர்களைக் கேட்டுக்கொண்டது.

1.7.2024 அன்று பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. 304(ஏ)-வின் இடத்தில் 106(1). அதிகபட்சம் 5 வருஷம். மோதிவிட்டுப் போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் என்று 106(2) சொன்னது. 2024 ஜனவரியிலேயே லாரி டிரைவர்கள் பல மாநிலங்களில் ஸ்டிரைக் செய்தார்கள். "நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் 10 வருஷமா?" என்பது அவர்கள் கேள்வி. அது வெறும் சாக்கு அல்ல. அடிபட்டவரை டிரைவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லும் 1988 சட்டமே, கூட்டத்தின் கோபத்தால் முடியாமல் போனால் விலக்கு என்றும் சொல்கிறது! கடைசியில் மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்த அன்று 106(2) மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

இன்னொரு வேடிக்கை. கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கான பழைய 279, புதிய சட்டத்தில் 281 ஆகிவிட்டது. அபராதம்? 1860-ல் எழுதிய அதே 1000 ரூபாய்!

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இரும்புக் கூடும் சீட் பெல்ட்டும் இல்லாதவர்கள். சட்டம் ஒன்றுதான் அவர்களுக்கு ஹெல்மெட். 2 வருஷம் 5 வருஷமானது நல்லதுதான். ஆனால் பழைய சட்டத்திலும் அந்த 2 வருஷத்தை முழுசாகக் கொடுத்தார்களா என்பதுதான் இந்தக் கதை நம்மிடம் கேட்கும் கேள்வி. 24 நாளில் வீட்டுக்குப் போக முடியும் என்றால், புத்தகத்தில் 5 என்று எழுதினால் என்ன, 10 என்று எழுதினால் என்ன? தண்டனையின் அளவைவிட, அது நிச்சயம் கிடைக்கும் என்ற பயம்தான் பிரேக்கை மிதிக்க வைக்கும்.